பதினைந்தாவது நாற்காலி

"அப்ப நான் புகாரே கொடுக்கலைன்னு எழுதிக்கோங்க."

"கொடுத்துட்டீங்களே."

"தப்பா கொடுத்துட்டேன். அக்டோபர்லேர்ந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். பியானோ திருடு போகல. ரிப்பேருக்குப் போச்சு."

"சொன்னீங்க பாஸ்டர். போன வாரமும் சொன்னீங்க, அதுக்கு முந்தின வாரமும் சொன்னீங்க. நீங்க கொண்டுவந்த பெக்கன் பை பலகாரம் ரொம்ப நல்லா இருந்துச்சு, வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா வாபஸ் வாங்கறதுக்கு முதல்ல ஒரு கேஸ் வேணும். கேஸ் இன்னும் இல்லையே."

"கேஸ் இல்லன்னா அவரு ஏன் ஜெயில்ல இருக்காரு?"

"கேஸ் வர்றதுக்காகக் காத்திட்டிருக்காரு."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றவர் நீபோ மலை திருச்சபையின் பாஸ்டர் டக்கெட். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எங்கள் டலாஹோமா மாவட்ட கோர்ட்டின் எழுத்தர் மிஸ் ஓப்பல். முப்பத்தோரு வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறார். அவருக்குத் தெரியாத சட்டம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அவருக்குத் தெரிந்த சட்டத்தால் யாரும் வீட்டுக்குப் போனதாகவும் நினைவில்லை.

ஜெயிலில் இருந்தவர் ஆர்லிஸ் பெட்டிஃபர்ட். வயது ஐம்பத்தெட்டு. மிசிசிப்பி டெல்டாவின் எங்கள் பக்கத்தில் இருக்கும் எல்லாத் திருச்சபை பியானோக்களுக்கும் சுருதி சேர்ப்பவர். சென்ற அக்டோபரில் பழைய பாஸ்டர், "எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டுவாப்பா" என்று சொல்லிவிட்டு மெம்ஃபிஸுக்கு மாற்றலாகிப் போனார். சொன்னதை எங்கும் எழுதி வைக்கவில்லை. முதல் நாள் காலை கோயிலைத் திறந்த புதிய பாஸ்டர் டக்கெட், கம்பளத்தில் நான்கு கால்களின் பள்ளத்தையும் மேலே பியானோ இல்லாத வெற்றிடத்தையும் கண்டார். ஷெரிஃபுக்கு போன் செய்தார். நெடுஞ்சாலையில் ஆர்லிஸின் வண்டியை மறித்த ஷெரிஃபின் டெப்டி, "இது யாரோடது?" என்று கேட்டார். "என்னோடது இல்லைங்க" என்றார் ஆர்லிஸ். உண்மை. அதுவே அவருடைய ஒப்புதல் வாக்குமூலமாக எழுதப்பட்டது.

மூன்று மணி நேரத்தில் உண்மை தெரிந்து பாஸ்டர் ஷெரிஃபிடம் ஓடினார். அதற்குள் விஷயம் ஷெரிஃபின் கையை விட்டுப் போயிருந்தது. எங்கே போனது என்று கேட்டார். இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை என்றார்கள்.

ஆர்லிஸுக்கு ஒரு வக்கீல் இருந்தார். பேர்டன் சிம்ஸ் என்று பெயர். முதல் விசாரணைக்கென்று கோர்ட் அமர்த்திய அவர், அந்த விசாரணை நடந்த பதினோரு நிமிடமும் வக்கீலாக இருந்தார். ஜாமீன் தொகை சொல்லப்பட்டது. ஆர்லிஸின் வீட்டை விற்றாலும் தேறாத தொகை. விசாரணை முடிந்தது, வக்கீலும் முடிந்தார். அடுத்த வக்கீலைக் குற்றப்பத்திரிகை வந்த பிறகுதான் அமர்த்துவார்கள். குற்றப்பத்திரிகை வேண்டுமா வேண்டாமா என்பதை, ஊர்க்காரர்களை அழைத்து உட்கார வைக்கும் கிராண்ட் ஜூரி கூடித்தான் முடிவு செய்யும். எங்கள் மாவட்டத்தில் கிராண்ட் ஜூரி ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை கூடும். ஆர்லிஸ் பிடிபட்டதற்கு முந்தின வாரம்தான் அக்டோபர் கூட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வேறொரு கைதியைப் பார்க்க வந்த சிம்ஸைக் கம்பிக்குப் பின்னாலிருந்து ஆர்லிஸ் கூப்பிட்டார்.

"வக்கீலய்யா, ஜாமீனைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு போடுங்களேன்."

"மிஸ்டர் பெட்டிஃபர்ட், நான் உங்க வக்கீலா இருந்தேன். உங்களுக்காக நான் வருத்தப்படலாம். வாதாட முடியாது."

வருத்தப்பட்டார். பிறகு போனார்.

நீதிபதி க்ரோதர்ஸுக்கு ஆர்லிஸ் கடிதம் எழுதினார். பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு. அந்த உரிமை உள்ள ஒருவர் வக்கீல் இல்லாமல் எழுதுவதை நான் படிப்பது, அந்த உரிமையை நானே மீறுவதாகும்.' எனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று ஆர்லிஸ் இரண்டாவது கடிதம் எழுதினார். அதையும் நீதிபதி அதே மரியாதையுடன் படிக்கவில்லை.

பியானோ அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஜெயிலின் பின்புறம், தடயப் பொருட்கள் வைக்கும் தகரக் கொட்டகையில். டெல்டாவின் ஈரம் மரத்துக்குள் எப்படி இறங்கும் என்று ஆர்லிஸுக்குத் தெரியும். ஜனவரி மழையில் ஒரு மத்தியானம், சுவருக்கு அப்பால் 'டொங்' என்று பியானோவின் கம்பி ஒன்று அறுந்தது.

"டெப்டி ரோலன், அதுக்குள்ள ஒரு பல்பை எரிய விடுங்க. சூட்டுல ஈரம் ஏறாது. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"தடயத்தை நாம மாத்தக் கூடாது மிஸ்டர் ஆர்லிஸ்."

"அது தானா மாறிட்டிருக்கே!"

"தானா மாறலாம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஜெனெல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருவாள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்காகத்தான் பியானோ ரிப்பேருக்குப் போனது.

"டாடி, பியானோ இல்லாட்டி பரவால்ல. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்து வருவேன். வேற யாரு கையையும் பிடிக்க மாட்டேன்."

"வந்துருவேன் கண்ணு. ஏப்ரல்ல ஜூரி கூடுது. பாஸ்டர் வந்து ஒரு வார்த்தை சொன்னா, அவங்க கேஸ் வேண்டாம்னு ஓட்டுப் போட்டா, அன்னிக்கே வெளிய."

"மாமா வர்றேங்கறாரு, உங்களுக்குப் பதிலா."

"உங்க மாமாவுக்கு நேரா நடக்கத் தெரியாது."

ஏப்ரலும் வந்தது. ஜூரிக்கு நாற்பது பேரை அழைத்திருந்தார்கள். பதினான்கு பேர் வந்தார்கள்.

"பதினாலு பேர் வந்தா அது கூட்டம். பதினஞ்சு பேர் வந்தாத்தான் சட்டம்" என்றார் நீதிபதி க்ரோதர்ஸ். அந்த நாற்பதில் யார், என்றைக்கு வந்தாலும், கூட்டம் முடியும் நிமிடம்வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்.

பாஸ்டர் கடைசியாகப் பெக்கன் பை பலகாரத்தோடு வந்து கெஞ்சிவிட்டுப் போனது அன்று காலைதான். அவர் போனதும் மிஸ் ஓப்பல் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆறு பேர் செத்துப் போயிருந்தார்கள்; இருவர் அதை அவரிடமே போனில் சொன்னார்கள். பலர் ஜாக்சனுக்கோ மெம்ஃபிஸுக்கோ குடிபோய்விட்டார்கள். கெளுத்தி மீன் குளங்கள் வைத்திருக்கும் டாயில் ஹாம்ப்ரிக்கோ போனை எடுத்து, "குளத்துல ஆக்ஸிஜன் குறையுதும்மா, நான் நகர்ந்தா மீனெல்லாம் மல்லாந்துரும்" என்றார். மிஸ் ஓப்பல் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் ஆக்ஸிஜன் குறைந்தது.

முப்பத்து மூன்றாவது பெயரில் மிஸ் ஓப்பலின் விரல் நின்றது. ஆர்லிஸ் பெட்டிஃபர்ட். வராத இருபத்தாறு பேரில் எங்கே இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள்.

டெப்டி ரோலன் அழைப்பாணையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஜெயிலுக்குப் போனார்.

"மிஸ்டர் ஆர்லிஸ், கோர்ட்லேர்ந்து கடிதாசு."

ஆர்லிஸ் பிரித்தார். படித்தார். திரும்பவும் படித்தார்.

"என்னை ஜூரியா வரச் சொல்லியிருக்கு."

"நல்ல விஷயம்தானே."

"வரலன்னா கைது பண்ணுவாங்களாம்."

"அப்ப வந்துருங்க. எதுக்கு வம்பு?"

பாஸ்டர் டக்கெட் இரவல் கொடுத்த கறுப்புக் கோட்டைக் கைதிகளின் ஆரஞ்சு உடைக்கு மேல் போட்டுக்கொண்டு ஆர்லிஸ் கோர்ட்டில் நின்றார். அரசு வக்கீல் மர்லின் ஸ்டோக்லி எழுந்து, கைதி ஒருவர் ஜூரியாக உட்காருவது சரியா என்று ஒரு சந்தேகம் எழுப்பினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினால் உரை நிகழ்த்தப் போகிறார் என்று பொருள்.

"மேடம், இந்த மனுஷன் மேல குற்றம் நிரூபணம் ஆகல. சொல்லப்போனா குற்றமே சாட்டல. இந்த அறையிலயே என்னைவிடச் சுத்தமானவரு இவருதான். என் மேல வேகமா கார் ஓட்டினதுக்கு ரெண்டு கேஸ் இருக்கு. ஒருத்தரை நிரபராதின்னு நினைக்கறதுதான் நம்ம சட்டத்தோட உயிரு. அந்த உயிருக்கு நான் தலை வணங்கறேன். டெப்டி, விலங்கைக் கழட்டுங்க. சாப்பாட்டு வேளைக்கு மாட்டிக்கலாம்."

பதினான்கு பேரும் கைதட்டினார்கள். மிஸ் ஓப்பல் பைபிளை நீட்டினார். உள்ளே நடக்கும் எதையும், யாருடைய விஷயம் பேசப்படுகிறது என்பதையும்கூட, வெளியே மூச்சு விட மாட்டேன் என்று ஆர்லிஸ் சத்தியம் செய்தார். பதினைந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் அவர் உட்கார்ந்த முதல் மெத்தை நாற்காலி அது.

இரண்டாம் நாள் அவரை ஜூரியின் தலைவராக்கினார்கள். மற்றவர்களெல்லாம் ஒன்பதரைக்கும் பத்துக்கும் வந்தபோது, இவர் மட்டும் எட்டரைக்கே அழைத்துவரப்பட்டிருந்தார். "பொறுப்பான மனுஷன்" என்றார் திருமதி ஹேட்டி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் ஆர்லிஸுக்கும் அவர்தான் பாடம் எடுத்தார்.

ஐம்பத்திரண்டு கேஸ்கள். ஒரு கேஸுக்கு ஆறு நிமிடம், அடுத்த கேஸின் டெப்டி வந்து சேர இருபது நிமிடம். அரசு வக்கீல் படிப்பார், டெப்டி ஒருவர் தலையாட்டுவார், பதினைந்து கைகள் உயரும், தலைவர் கையெழுத்துப் போடுவார். முதல் கேஸிலேயே ஆர்லிஸ் கேட்டார்.

"மேடம், இவரு எத்தனை நாளா உள்ள இருக்காரு?"

"அது இந்த ஜூரி கேட்கக்கூடிய கேள்வி இல்ல."

"யாரு கேட்கணும்?"

"அவரோட வக்கீல்."

"வக்கீல் எப்ப வருவாரு?"

"நீங்க கையெழுத்துப் போட்டதும்."

ஆர்லிஸ் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் ஜெயில் நடைவழியில் அவர் நடந்தபோது, குற்றப்பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் கம்பி வழியே கையை நீட்டினான். "கையெழுத்து உன்னோடதுதானே பிரதர்? ரொம்ப நன்றி. அஞ்சு மாசம் கழிச்சு என்மேல குத்தம் சாட்டியிருக்கீங்க. நாளைக்கு எனக்கு வக்கீல் வர்றாரு!" பக்கத்து அறைகளிலும் சந்தோஷமாக இருந்தார்கள். இரவுச் சாப்பாட்டில் தங்கள் சோளரொட்டியை ஆளுக்குப் பாதி அவருக்கு அனுப்பினார்கள்.

எங்கள் மாநிலத்தில் ஒரு பழக்கம் உண்டு. கிராண்ட் ஜூரி கூடும்போதெல்லாம் மாவட்ட ஜெயிலை நேரில் பார்வையிட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை டெப்டி ரோலன் ஆர்லிஸை ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மற்ற பதினான்கு பேருடன் சேர்த்து, ஜெயிலைப் பார்வையிட ஜெயிலுக்கு அழைத்து வந்தார்.

வாசலில் ஷெரிஃப் போகன் தொப்பியைக் கழற்றி வரவேற்றார்.

"ஜூரிப் பெருமக்களே, நம்ம ஜெயிலோட பெருமையை ஒரே வரியில சொல்லிடறேன். இங்க ஒரு குற்றவாளிகூடக் கிடையாது. தண்டனை கிடைச்சவனை அன்னிக்கே பெரிய ஜெயிலுக்கு ஏத்தி அனுப்பிடுவேன். இங்க இருக்கறது எண்பத்தோரு பேரு. எண்பத்தோரு பேருமே நிரபராதிங்க. இத்தனை நிரபராதிங்களை ஒரே கூரைக்குக் கீழ பத்திரமா வச்சிருக்கற மாவட்டம் வேற எங்கயாச்சும் இருந்தா காட்டுங்க பார்ப்போம்!"

யாராலும் காட்ட முடியவில்லை.

சமையலறை, குளியலறை என்று பார்த்துக்கொண்டே ஏழாம் அறைக்கு வந்தார்கள். மடித்து வைத்த போர்வை. சுவரில் ஒரு கல்யாணப் பத்திரிகை.

"இங்க இருக்கறவர் எங்கே?" என்று கேட்டார் திருமதி ஹேட்டி.

"ஜூரி வேலையா போயிருக்காரு" என்றார் ஷெரிஃப்.

எல்லோரும் ஆர்லிஸைப் பார்த்தார்கள். ஆர்லிஸ் தன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். 'கைதிக்குக் குறை ஏதும் உண்டா எனத் தலைவர் நேரில் விசாரித்தாரா?' என்றது படிவம்.

"கேளு ஆர்லிஸ்" என்றார் ஹேட்டி.

"யாரை டீச்சர்?"

"ஃபாரத்துல இருக்கே. கேட்டுத்தான் ஆகணும்."

ஆர்லிஸ் தன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு எழுதினார்: 'விசாரித்தேன். உண்டு. ஏழாம் அறைக் கைதி ஆறு மாதமாகக் குற்றப்பத்திரிகை இல்லாமல், வக்கீல் இல்லாமல் இருக்கிறார். சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்.'

ஷெரிஃப் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தார். "அழகான கையெழுத்து உங்களுக்கு" என்றார்.

கொட்டகையைக் கடக்கும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே பியானோ. ஹேட்டி நுழைந்து ஒரு கட்டையை அழுத்தினார். தொண்டை கட்டிய ஆள் தூக்கத்தில் பேசுவதைப் போல ஒரு சத்தம் வந்தது. ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"டீச்சர், தடயம்! தடயம்!" என்று ரோலன் ஓடி வந்தார்.

நீதிபதி அறிக்கையைப் பெற்றுக்கொண்டார். படித்தார், இது கடிதமில்லை, அறிக்கை, அதனால் படிக்கத் தடை இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். "மனசைத் தொட்டுட்டீங்க மிஸ்டர் பெட்டிஃபர்ட். குடிமக்கள் இப்படிக் கண்ணைத் திறந்து வச்சிருக்கற வரைக்கும் நம்ம சட்டம் தூங்காது." மிஸ் ஓப்பலிடம் கொடுத்தார். மிஸ் ஓப்பல் அதை இரும்பு அலமாரியில், முந்தின முப்பத்தோரு வருட அறிக்கைகளின் மேல் வைத்தார். அலமாரி மூட மறுத்தது. முழங்காலால் முட்டி மூடினார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாலு மணிக்கு ஐம்பத்தோராவது கேஸ் முடிந்தது. மிஸ் ஓப்பல் அடுத்த தாளை எடுத்தார்.

"ஐம்பத்திரண்டு. பெட்டிஃபர்ட். பியானோ."

ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு மாதமாகக் காத்திருந்த வார்த்தை.

"தலைவர் எழுந்து வெளிய போகணும்" என்றார் அரசு வக்கீல். "தன் கேஸுல தானே உட்காரக் கூடாது."

"போறேன் மேடம்." எழுந்தார். கதவருகே போனதும் நின்றார். திரும்பி எண்ணிப் பார்த்தார். மற்றவர்களும் எண்ணினார்கள்.

"பதினாலு" என்றார் ஹேட்டி.

அரசு வக்கீல் பேனாவை மூடினார். "பாருங்க, நான் கல்நெஞ்சக்காரி இல்ல. பாஸ்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. இந்தக் கேஸ் வேண்டாம்னு நீங்க ஓட்டுப் போடணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா வேண்டாம்னு சொல்லவும் பதினஞ்சு பேர் வேணும்."

"நீங்களே விட்டுடலாமே மேடம்?" என்றார் ஆர்லிஸ்.

"எதை விடறது? கேஸ் வரலையே இன்னும்."

"அப்ப?"

"அஞ்சு மணிக்குக் கூட்டம் முடியுது. அதுக்குள்ள அந்த நாப்பதுல இன்னொருத்தர் வந்தா பார்க்கலாம். வரலன்னா அக்டோபர்."

மிஸ் ஓப்பல் பரிவோடு சேர்த்துக்கொண்டார். "அக்டோபருக்கும் உங்க பேரையே போடலாம்னு இருக்கேன் மிஸ்டர் ஆர்லிஸ். ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஆளு எங்க கிடைப்பாங்க?"

நடைவழி பெஞ்சில் ஆர்லிஸும் ரோலனும் உட்கார்ந்தார்கள். எதிரே இரண்டு கதவுகள். இடது பக்கம் நீதிபதியின் அறை. வலது பக்கம் ஜூரி அறை. மேலே கடிகாரம். நாலு இருபது. நாலரை. ஜெனெல் இந்நேரம் ஒத்திகைக்குக் கோயிலில் நின்றுகொண்டிருப்பாள், ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

நாலே முக்காலுக்குப் படியில் ரப்பர் பூட்ஸின் சத்தம் கேட்டது. முழங்கால்வரை சேறு. கையில் சாவிக்கொத்து. உடம்பெல்லாம் குளத்து வாசனை.

"ஜட்ஜு எந்தக் கதவு?" என்றார் வந்தவர். "ஜூரிக்கு வர முடியாதுன்னு நேர்ல வந்து சொல்லணுமாம், இல்லாட்டி புடிச்சு உள்ள வச்சிருவேன்னு அந்தம்மா மிரட்டுது. ஹாம்ப்ரிக். டாயில் ஹாம்ப்ரிக்."

ஆர்லிஸ் மெதுவாக எழுந்தார். "உங்க பேரு அந்த நாப்பதுல இருக்கா ஐயா?"

"இருக்கு, அதானே தொல்லை. உள்ள எத்தனை பேரு?"

"பதினாலு."

"யப்பா, பதினாலு பேரா! பத்தாதா? என்னை எதுக்குப் பிடிச்சுத் தொங்குறாங்க?"

ஆர்லிஸ் வாயைத் திறந்தார்.

"மிஸ்டர் ஆர்லிஸ்" என்றார் ரோலன் தணிந்த குரலில். "சத்தியம்."

ஆர்லிஸ் வாயை மூடினார். ஹாம்ப்ரிக் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பாஸ்டரின் கறுப்புக் கோட்டு. அதற்குக் கீழே ஆரஞ்சுக் கால்சட்டை.

"நீ கைதியா, ஜூரியா?"

"தலைவர்ங்க."

"உள்ள என்ன நடக்குது?"

"சொல்லக் கூடாது."

"யாரு விஷயம்?"

"அதையும் சொல்லக் கூடாது ஐயா."

"டெப்டி, நீ சொல்லு."

"நான் கதவுக்கு வெளிய நிக்கறவன்" என்றார் ரோலன், தரையைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஹாம்ப்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்து மூன்று. சாவிக்கொத்தைக் குலுக்கினார். கீழே தெருவில் அவருடைய வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "குளத்துக்குக் காத்து ஏத்தற மெஷின் ஒண்ணு நின்னு போச்சு. ஆறு மணிக்குள்ள போகலன்னா மூணாவது குளம் காலி. எந்தக் கதவுன்னு மட்டும் சொல்லு தம்பி, நான் கேட்டுட்டுக் கிளம்பறேன்."

ஆர்லிஸ் இடது கதவைக் காட்டினார். பொய் சொல்ல அவருக்கு எப்போதுமே தெரியாது.

"அதுதாங்க ஜட்ஜு. நேர்ல வந்து கேட்டா யாரா இருந்தாலும் விட்டுருவாரு, நல்ல மனுஷன். உங்களையும் விட்டுருவாரு." காட்டிய கையை இறக்கினார். வலது கதவைப் பார்த்தார். "இந்தக் கதவுக்குள்ள ஒரு நாற்காலி காலியா இருக்கு ஐயா. இப்ப வரைக்கும் நான் உக்காந்திருந்ததுதான். மிஸ் ஓப்பல் பைபிளை வச்சுக்கிட்டு உள்ளதான் இருக்காங்க. எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க. ஒரு நாலு நிமிஷம்... அதுல வந்து உக்காருங்க."